இல்லாத பையன் ஜஹீர்

சனிக்கிழமை பிறந்த ஜஹீருக்கு அன்று, வியாழக்கிழமையோடு, ஆறு நாள் வயது. ஆம்பூரில் அவனைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. அவனைப் பற்றிப் பேசாதவரும் இல்லை.

வேலூரில் அச்சாகும் ‘பாலாற்றுச் செய்தி’ வாரப் பத்திரிகை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்திருந்தது. சனிக்கிழமை இதழில் முடிவு வந்தது. முதல் பரிசு ‘ஒரு தோலின் பயணம்’ என்ற கட்டுரைக்கு. எழுதியவர்: செல்வன் ஜஹீர், ஆம்பூர்.

எழுதியது செல்வனும் அல்ல, ஜஹீரும் அல்ல. தோல் பதனிடும் தோல்ஷாப்பின் முதலாளி இஷ்தியாக் அகமதுவின் பதிமூன்று வயது மகள் ஜஹீருன்னிசா. பெண்கள் திரைமறைவில் படிக்கும் கோஷா பாடசாலையில் எட்டாம் வகுப்பு. கட்டுரை முழுவதையும் ஒழுங்காக எழுதிய பெண், கையெழுத்தை மட்டும் வீட்டில் வலமிருந்து இடமாக உருதுக் கடிதம் எழுதும் பழக்கத்தில் தாளின் வலது ஓரத்தில் ஆரம்பித்துவிட்டாள். ‘ஜஹீரு’ என்பதற்குள் தாள் முடிந்துபோயிற்று. ‘ன்னிசா’வை அடுத்த வரியில் போட்டாள். அச்சுக் கோப்பவருக்கு அந்த இரண்டாம் வரி ஏதோ கிறுக்கலாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பையனைப் படைத்துவிட்டார்.

இஷ்தியாக் அகமதுவுக்கு அந்தத் தவறு பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டுப் பெண்களின் பெயர் வாசலைத் தாண்டக் கூடாது. கடைத்தெருவில் மனைவியைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘வீட்ல’ என்பார், மகளைப் பற்றி என்றால் ‘பசங்க’ என்பார். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான். மகள் போட்டிக்கு எழுதியதே அச்சில் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அன்றைக்கே பாடசாலை டீச்சருக்கு ஆள் அனுப்பி, “யார் எழுதினாங்கன்னு யாருக்கும் சொல்லிக்காதீங்க” என்று கேட்டுக்கொண்டார். டீச்சரும் சரி என்றாள்.

ஜஹீருன்னிசாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

*

தோல்ஷாப்பில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. சுண்ணாம்புக் குழிகளிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். பட்டைக் கொட்டகையில் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையைச் சாத்தினார்கள். தூக்குவாளியைத் திறப்பதற்கு முன்பே எல்லோருடைய கண்ணும் மேஸ்திரி கிருபானந்தத்தின் பக்கம் போனது.

கிருபானந்தம் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். நான்கு வருஷமாக மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் பத்திரிகை படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அதற்குச் சட்டங்கள் உண்டு. ஈரக் கையோடு யாரும் தாளைத் தொடக் கூடாது. படிக்கும்போது சண்டை கூடாது. படித்து முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.

முதலில் இஷ்தியாக் இதை வேலை கெடுக்கும் சமாசாரம் என்றுதான் நினைத்தார். போன மாதம் பீஹார் பூகம்பத்தைப் பற்றிப் படித்தார்கள். மறுநாள் பட்டை இடிக்கும் பெண்கள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரு கோணியில் போட்டு, “இத்த அந்த ஊருக்கு அனுப்பிடுங்க முதலாளி” என்று அவர் முன்னால் வைத்தார்கள். பீஹார் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு மதிய நேரத்தில் அவரும் ஒரு நாற்காலியைக் கொட்டகை ஓரமாகப் போடச் சொல்லிவிட்டார். தமிழ் பேச வருமே தவிர அவருக்குப் படிக்க வராது. உருதுவும், வியாபாரத்துக்கு வேண்டிய அளவு இங்கிலீஷும்தான்.

“மேஸ்திரி, அந்தப் பையன் எழுதனத இன்னொரு தபா படி,” என்றான் ஒருவன்.

“நாலு தபா படிச்சாச்சுடா.”

“அஞ்சாவது தபா படிச்சா எழுத்து தேஞ்சிடுமா இன்னா?”

கிருபானந்தம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு படித்தார். கசாப்புக்காரனிடமிருந்து தோல் வருவது, உப்பில் கிடப்பது, சுண்ணாம்பில் ஊறுவது, பட்டைத் தண்ணீரில் நிறம் பிடிப்பது. இஷ்தியாக் தலையைக் குனிந்தபடி கேட்டார். சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து அவர் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்த பேச்சுகள் அவை. மூலையில் தட்டை வைத்துக்கொண்டிருந்த பெண் அத்தனையையும் பிடித்து வைத்திருக்கிறாள். ஷாப்புக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவள்.

“‘சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர் வீட்டுக்குப் போனால் அன்று சோறு பிசைய முடியாது,’” என்று கிருபானந்தம் கடைசிப் பத்திக்கு வந்தார். “‘விரல் வெந்திருக்கும். வீட்டில் உள்ளவர் பிசைந்து ஊட்டுவார். நாம் போட்டிருக்கும் செருப்பு அந்தக் கையிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறது.’”

சுண்ணாம்புக் குழி ஆட்களில் ஒருவன் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

“இத்த எழுதனது ஆம்பளப் புள்ள இல்ல மேஸ்திரி,” என்றாள் செல்லம்மாள். பட்டை இடிக்கும் பெண்களில் மூத்தவள்.

“இன்னாம்மா சொல்ற? செல்வன்னு அச்சுல போட்டுக்குது.”

“அச்சுல ஆயிரம் போடுவான். எந்த ஆம்பள வெளில போய் சொல்லுவான், பொஞ்சாதி ஊட்டி உட்டாத்தான் துன்றேன்னு? உன் புருஷன் சொல்வானாடி?” பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். “இது பொம்பளைங்க பொம்பளைங்களுக்குச் சொல்லிக்கிற சேதி.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்லம்மாள் சிரிக்கவில்லை. முதலாளியை ஒரு தரம் பார்த்தாள். பண்டிகைக்குப் பண்டிகை அவர் வீட்டுப் பின்கட்டில் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறவள் அவள்.

“எந்த ஊட்டுப் புள்ளையோ. நல்லா இருக்கட்டும்,” என்றாள். தூக்குவாளியைத் திறந்தாள்.

இருபது வருஷமாக ஷாப் நடத்துகிறவர் இஷ்தியாக். ஊட்டிவிடுகிற விஷயம் அவருக்குத் தெரியாது. சொந்த ஆட்களின் கையைப் பற்றி அவருக்குச் சொல்வதற்கு, திரைக்கு உள்ளே இருக்கிற மகள் எழுதி, வேலூரில் அச்சாகி, மேஸ்திரி படிக்க வேண்டியிருந்தது.

*

இஷ்தியாக் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது வாசலில் பள்ளிக்கூடத்து ஜட்கா நின்றது. நான்கு பக்கமும் திரை போட்ட குதிரை வண்டி. மாலை நான்கு மணிக்கு வரவேண்டியது ஒன்றேகாலுக்கே வந்திருந்தது.

முன்கூடத்தில் பொன்மலர் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. எதிரே அண்ணன் ரஷீத் அகமது சாய்வு நாற்காலியில் இருந்தார். உள்கட்டுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மனைவி சுகரா பேகம் அங்கேதான் நிற்கிறாள்.

“பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்திருக்குங்க சாயபு,” என்றாள் பொன்மலர். “யாரோ எழுதிப் போட்டிருக்காங்க, கட்டுரை வந்தது கோஷா பாடசாலைலேர்ந்து, அங்க ஏது பையன்னு. ஆசிரியர் விளக்கம் கேக்கிறார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு அச்சு ஏறுது. அதுக்குள்ள எழுதினவங்க முழுப் பேர் உறுதியாகி வரலேன்னா, பரிசு ரத்து. பொய்ப் பெயர்ல வந்த கட்டுரைன்னு அறிவிப்பு போடுவாங்களாம்.”

“போடட்டுமே,” என்றார் ரஷீத். “பரிசு வேணாம்.”

“பரிசுக்காக வரலீங்க. ‘என் மாணாக்கர் சொந்தமா எழுதியது’ன்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். மாணாக்கரே இல்லேன்னா அப்புறம் யார் எழுதினது? டீச்சரே எழுதி அனுப்பிச்சான்னுதான் ஊர் சொல்லும். நாப்பத்தோரு பொண்ணுங்க படிக்கிறாங்க. ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி நான் கேட்டு வாங்கின பொண்ணுங்க. பொய் சொல்ற டீச்சர்கிட்ட நாளைக்கு யார் அனுப்புவாங்க?”

அவள் குரல் உயரவில்லை. கையிலிருந்த கடிதம் மட்டும் மடிப்பு மாறி மாறி மடிந்துகொண்டிருந்தது.

“நீங்க கேட்டுக்கிட்டதால ஆறு நாளா வாயத் திறக்கல. நீங்க வேணாம்னா இப்பவும் திறக்க மாட்டேன். ஆனா உங்ககிட்ட கேக்காம இருக்க முடியல.”

ரஷீத் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துக்கு எதிரி அல்ல அவர். கோஷா பாடசாலைக்குப் பெஞ்சுகள் செய்து கொடுத்ததே அவர்தான். முல்லாக்கள் சிலர் முணுமுணுத்தபோது, “படிச்ச தாய் பெத்த புள்ள கெட்டுப் போகாது” என்று பள்ளிவாசலில் நின்று பேசியவர்.

“படிக்கட்டும் டீச்சரம்மா. எவ்ளோ வேணா படிக்கட்டும். ஆனா பேர் எதுக்கு வெளில போகணும்? இந்த சனிக்கிழமை பத்திரிகை அடுத்த சனிக்கிழமை எங்க இருக்கும் தெரியுமா? பஜார்ல பக்கோடாக் கடைல. எங்க வீட்டுப் பொண்ணு பேர்ல எண்ணெய் ஒழுக ஒழுக எவனோ பக்கோடா மடிச்சுக் குடுப்பான். தின்னவன் தூக்கிச் சாக்கடைல போடுவான். அத நான் பார்க்கணுமா?”

இஷ்தியாக்குக்குத் தெரியும், அண்ணன் சொன்னது நடக்கும். அவரே அப்படிப் பக்கோடா தின்றிருக்கிறார்.

“பாய்ஜான்,” என்றார் கடைசியில், “நம்ம முத்திரைய எவனாவது அவன் தோல் கட்டு மேல போட்டு மெட்ராஸுக்கு அனுப்பினா நாம சும்மா இருப்போமா? பொய் முத்திரைன்னு சண்டைக்குப் போக மாட்டோமா?”

“அது தோல். இது பொண்ணு.”

திரைக்குப் பின்னாலிருந்து சுகரா பேகத்தின் குரல் வந்தது. பதினேழு வருஷத்தில் கணவரின் அண்ணன் இருக்கும் கூடத்தில் அந்தக் குரல் கேட்டதில்லை.

“என் நிக்காஹ் பத்திரிகை பெட்டில இருக்கு. அச்சடிச்சதுதான். அதுல மாப்பிள்ளை பேர் இருக்கு. மாப்பிள்ளையோட அப்பா பேர், என் அப்பா பேர், சமையல்காரர் பேர்கூட கீழே இருக்கு. என் பேர் இல்ல. அன்னிக்கு யாருக்கும் அது குறையாத் தெரியல. எனக்கும்தான். இந்த ஆறு நாளாத் தெரியுது.”

ரஷீத் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. கோபமா, கூச்சமா என்று இஷ்தியாக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இந்த வீட்டுக்குப் பெரியவன் நான் இருக்கறேன். நான் பார்த்துக்கறேன்,” என்றார் ரஷீத். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

*

உள்ளே ஜஹீருன்னிசா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுத முகம் இல்லை. இஷ்தியாக்குக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. அழுதிருந்தால் தட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

“உனக்கு இன்னா வேணும்? பரிசா?”

“இல்ல அப்பாஜான்.”

“பேர் வரணுமா? எல்லாரும் பார்க்கணும்னா?”

“தினம் காலைல டீச்சர் ஆஜர் எடுப்பாங்க. என் பேரை முழுசாக் கூப்பிடுவாங்க. வீட்ல எல்லாரும் ‘ஜஹீ’, ‘பேட்டி’, ‘மகளே’ன்னுதான் கூப்பிடறீங்க. முதல் நாள் டீச்சர் ‘ஜஹீருன்னிசா’ன்னு கூப்பிட்டப்போ, யாரோன்னு நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் ‘ஆஜர்’னு சொன்னேன். இப்பல்லாம் கூப்பிட்ட உடனே சொல்லிடறேன்.”

“சரி.”

“போன சனிக்கிழமைலேர்ந்து எல்லாரும் ஜஹீரக் கூப்பிடறாங்க. அவன் வரவே மாட்டான் அப்பாஜான். அவன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் வந்ததில்ல. ஒரு எழுத்து எழுதினதில்ல. நான் இங்கதான் இருக்கேன்.”

இஷ்தியாக் சாப்பிடவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். முன்கூடத்தில் பொன்மலர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“நீங்க பள்ளிக்கூடம் போங்க டீச்சரம்மா,” என்றார். “பத்திரிகை விலாசத்த மட்டும் குடுங்க.”

*

தந்தி ஆபீசில் அன்று ஏன் அவ்வளவு கூட்டமோ. பட்டை வியாபாரி அப்துல் வஹாப் இருந்தார். தோல் தரகர்கள் இரண்டு பேர், பேர்ணாம்பட்டுக்கு மணியார்டர் அனுப்ப வந்த ஒருவர். எல்லோரும் தெரிந்த முகங்கள். சலாம் சொல்லிவிட்டு வரிசையில் நின்றார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு தரம் தோன்றியது. நாளைக்கு வரலாம். நாளைக்கு வந்து பயனில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

தந்தி குமாஸ்தா வில்சன், இஷ்தியாக் இங்கிலீஷில் எழுதியிருந்த காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

“மெதுவாப் படிக்கக் கூடாதா?” என்றார் இஷ்தியாக்.

“சத்தம் போட்டுப் படிச்சாத்தான் சாயபு தப்பு தெரியும். பதினோரு வருஷமா இந்த மேஜைல உக்காந்திருக்கேன். ஒரு எழுத்து மாறினதில்ல. இதோ பாருங்க, இங்க மை கொட்டியிருக்கு. பேர் படிக்க வரல. ஜே, ஏ, எச்... அப்புறம் இன்னா? வாயால சொல்லுங்க.”

நாற்பத்தைந்து வயதில் இந்த மாதிரி ஒரு காரியம் இஷ்தியாக் செய்ததில்லை. நிக்காஹ், வியாபாரம், கோர்ட்டு, எதிலும் அவர் வாயிலிருந்து அந்நியர் முன்னால் ஒரு பெண்ணின் பெயர் வந்ததில்லை.

“ஜஹீர்,” என்றார். அங்கே நின்றுவிட்டது.

“ஜஹீரா?” அப்துல் வஹாப் வரிசையிலிருந்து தலையை நீட்டினார். “அட, அந்தப் பையனா? ஷாப்பு விஷயத்த அப்படியே புட்டுப் புட்டு வெச்சவன்! யார் வீட்டுப் புள்ள பாய்? ஊரே தேடுது!”

தரகர்கள் நெருங்கி வந்தார்கள். வில்சன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். எல்லோரும் அந்தப் பையனைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பது இஷ்தியாக்குக்கு அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் முகத்தில் இருந்தது வம்பு அல்ல. மரியாதை. அந்த மரியாதைக்கு உரியவள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“பையன் இல்ல,” என்றார். “ஜஹீருன்னிசா. என் பொண்ணு.”

மணியார்டர்காரர் எழுதுவதை நிறுத்தினார்.

“ஜஹீர்... உன்னிசா,” என்று வில்சன் எழுதிக்கொண்டே வந்தார். அவருக்கு இது பதினோரு வருஷத்தில் இன்னொரு பெயர், அவ்வளவுதான். “ரெண்டு வார்த்தையா சாயபு, ஒரே வார்த்தையா?”

“ஒரே வார்த்தை,” என்றார் இஷ்தியாக். குரல் அவர் நினைத்ததைவிட உரத்து வந்தது. “நடுவுல உடைக்காதீங்க. ஏற்கெனவே ஒருத்தர் உடைச்சுத்தான் இத்தனை பேஜார். எழுத்து எழுத்தா நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வில்சன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். தந்திக் கருவி கட்டுக் கட்டென்று அடித்து முடித்தது.

“போயாச்சு,” என்றார் வில்சன்.

அப்துல் வஹாப் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஒரு பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றார்.

இஷ்தியாக் திரும்பினார். வாசற்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் ஒரு தந்திக் காகிதம். இங்கிலீஷ் தெரியாதவர், வக்கீல் வீட்டில் எழுதி வாங்கி வந்திருக்கிறார்.

“இத்தனை பேர் முன்னாடி சொன்னியா?” என்றார் ரஷீத்.

“சொன்னேன் பாய்ஜான்.”

“முழுப் பேரா?”

“முழுப் பேர்.”

ரஷீத் அகமது தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரைத் தாண்டிப் போய், தம் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். வில்சன் விலாசத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதே வேலூர். அதே பத்திரிகை.

“பெரியவரே, இப்பத்தான் உங்க வீட்லேர்ந்து ஒண்ணு போச்சு. இதுவும் போகணுமா?”

“பேர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க,” என்றார் ரஷீத். வில்சன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.